கொடி நட்ட வீட்டில் பசியாறினோம்

என் வசந்தா அம்மாவுக்கு,

பார்த்ததையும் கேட்டதையும் சாப்பிட்டதையும் உள்ளபடியே எழுதப்போகிறேன். அழகுக்காக எதையும் கூட்ட மாட்டேன். யாராவது கோபித்துக்கொள்வார்களோ என்று எதையும் குறைக்கவும் மாட்டேன். இதை மற்றவர்களும் படிப்பார்கள் என்று உன் தோழிகள் இருவரிடமும் சொல்லிவிட்டேன். எழுத்துப்பிழை இருக்கக் கூடாது என்றார் பத்மா ஆன்ட்டி. தன் வயதை மட்டும் போட்டுவிடாதே என்றார் மேகலா ஆன்ட்டி.

அம்மா, நாங்கள் திரினிடாட்டுக்குப் போய்விட்டோம். நீ சொல்லிக்கொண்டே இருந்த அதே தீவு. இப்போது திரும்பிக்கொண்டிருக்கிறோம். லண்டனில் மலேசியாவுக்கு விமானம் மாறியாயிற்று. சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போன பிறகு, முன் இருக்கையின் முதுகிலிருந்து மடங்கி இறங்கும் சின்னப் பலகையில் வைத்து எழுதுகிறேன்.

உனக்கு நினைவிருக்கிறதா, அந்த ஆசை எங்கிருந்து வந்ததென்று? நீ வேலை பார்த்த பல் மருத்துவமனையில், காத்திருப்பவர்களுக்காக எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சியில் ஏதோ சமையல் நிகழ்ச்சி. ஒரு தீவில் காலையில் வேலைக்குப் போகிறவர்கள் ரோட்டோரம் நின்று, மெத்தென்ற பொரித்த ரொட்டி இரண்டுக்கு நடுவே கொண்டைக்கடலைக் கறி வைத்துச் சாப்பிடுகிறார்கள். மறுநாள் காரில் ஏறியதும் நீ சொன்னாயாம்: "செத்தாலும் பரவால்ல, அந்த ஊர்ல ஒரு நாள் பசியாறிட்டுச் சாவணும்." சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு தினமும் ஒரே காரில் வேலைக்குப் போய்வந்த மூன்று பேர் நீங்கள். நீ ஓட்டுவாய். அரசாங்க அலுவலகத்துக்குப் போகும் பத்மா ஆன்ட்டி உன் பக்கத்தில். துணிக்கடையில் தைக்கும் மேகலா ஆன்ட்டி பின்னால். பள்ளி விடுமுறையில் நானும் சில நாள் பின்னால் ஏறிக்கொள்வேன்.

அந்தக் காரின் வாசனை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. மேகலா ஆன்ட்டி மடியில் எப்போதும் ஒரு பை. அவித்த மரவள்ளிக்கிழங்கு, சம்பல், சில நாள் தேங்காய்ப்பாலில் வேகவைத்த நாசி லெமாக் சோறு. சிக்னலில் கார் நிற்கிற நேரம் பார்த்து உன் வாயருகே ஒரு கை வரும். நீ திரும்பாமலே வாயைத் திறப்பாய். காரில் சிந்தக் கூடாது என்று பத்மா ஆன்ட்டி கண்டிப்பார். கண்டித்துக்கொண்டே கையை நீட்டுவார்.

அந்தக் கை நின்றுபோனதை நீ பார்க்கவில்லை. அதனால் சொல்கிறேன்.

உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்த அன்று, எல்லார் முன்னாலும் பத்மா ஆன்ட்டி மேகலா ஆன்ட்டியைப் பார்த்துச் சொன்னார்: "நீ குடுத்த சாப்பாடுதான் இவவைக் கொண்டு போனது." ஆஸ்பத்திரியில் உனக்கு உப்பும் காரமும் ஆகாது என்று சொல்லியிருந்தபோது, மேகலா ஆன்ட்டி ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்த கறி மீ நூடுல்ஸைத்தான் சொன்னார். மேகலா ஆன்ட்டி எழுந்தார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். உன் சிறுநீரகம் அதற்கு முன்பே கைவிட்டுவிட்டது, ஒரு கிண்ணம் மீயால் ஆனதோ ஆகாததோ எதுவுமில்லை என்று டாக்டர் பிறகு அப்பாவிடம் விளக்கினார். அப்பா அதை இரண்டு வீட்டுக்கும் போய்ச் சொன்னார். ஆனால் எல்லார் முன்னாலும் சொன்ன சொல்லை டாக்டர் வந்து எடுத்துக்கொண்டு போக முடியுமா?

அன்றிலிருந்து அவர்கள் இருவரும் பேசுவதில்லை. அன்றிலிருந்து மேகலா ஆன்ட்டி யாருக்கும் தன் கையால் எதையும் எடுத்துக் கொடுப்பதும் இல்லை. நான் போனால் முறுக்கு டப்பா மேசையில் இருக்கும். "எடுத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். உன் பதினாறாம் நாள் படையலில், நீ விரும்பிச் சாப்பிட்ட எல்லாம் இருந்தது. கறி மீ மட்டும் இல்லை. அதை வைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

எனக்கு ஒரே ஒரு பயம்தான், அம்மா. அப்பா உன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பாதியில் எழுந்து கேட்டைப் பூட்டப் போய்விடுவார். தம்பிக்கு நினைவு குறைவு. காரில் நீ எப்படிச் சிரித்தாய், யாரை என்ன பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டாய் என்பதெல்லாம் அந்த இரண்டு பேரிடம்தான் இருக்கிறது. ஒருவர் சொன்னால் மற்றவர் திருத்துவார். அப்படித்தான் உன் கதை முழுசாக வரும். இருவரும் பிரிந்தே போய்விட்டால் எனக்கு நீ பாதிதான் கிடைப்பாய்.

பேசாத இருவர் எப்படிச் சேர்ந்து பயணம் போனார்கள் என்று கேட்பாய். அது நீ செய்த வேலை. தேனுவை, அதாவது என்னை, அந்தத் தீவுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று நீ இருவரிடமும் தனித்தனியாக வாக்கு வாங்கியிருக்கிறாய். இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. அப்பாவும் போய் வா என்றார். ஆண்டிறுதி விடுமுறை தொடங்கியதும் புறப்பட்டோம், நான் நடு இருக்கையில்.

போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இறங்கியதும் உன் கைக்கடிகாரத்தைத் திருப்பப் போனேன். (உன் கடிகாரத்தை நான்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன். வார் பெரிது, ஒரு துளை கூடுதலாகப் போட்டோம்.) அந்த ஊருக்கும் நமக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். முள்ளைத் தொடவே வேண்டியதில்லை. நம் ஊரில் இரவு எட்டு என்றால் அங்கே காலை எட்டு. நீ காரை எடுக்கும் நேரத்தில் அந்த ஊரில் இருட்டியிருக்கும்.

முதல் நாள் காலை நீ சொன்ன ரொட்டியைத்தான் தேடிப் போனோம். அதற்கு அங்கே டபிள்ஸ் என்று பெயர். நம் ஒட்டுக்கடை மாதிரி ஒரு தள்ளுவண்டி, பெரிய குடையின் கீழ். காரம் எவ்வளவு என்று விற்கிறவர் கேட்டார். "நெறையன்னு சொல்லு தேனு" என்றார் மேகலா ஆன்ட்டி. "எனக்குத் துப்பரவா வேண்டாம் எண்டு சொல்லு பிள்ளை" என்றார் பத்மா ஆன்ட்டி, தன் யாழ்ப்பாணத் தமிழில். இப்படித்தான், எல்லாம் என் வழியாக. கையில் காகிதம் முழுக்க மஞ்சள் ஒழுக, நின்றுகொண்டே தின்றோம். கடலையில் நம் சீரக வாசனை, மேலே புளிச்சாறு, மல்லியைவிடக் கடுமையான ஏதோ ஓர் இலை. எப்படி இருந்தது என்று உண்மையாகச் சொல்லட்டுமா? நன்றாகவே இருந்தது. ஆனால் நீ சாவதற்குத் தயாராக இருந்த அளவுக்கு இல்லை. மூன்று பேரும் ஒரே நேரத்தில் அதைத்தான் நினைத்திருப்போம்.

மலையைச் சுற்றிப் போய் மராக்காஸ் கடற்கரையில் சுறா மீன் வைத்த ரொட்டி தின்றோம். சாயங்காலம் படகில் போய், சதுப்பு நிலத்துக்குத் திரும்பும் சிவப்புப் பறவைகளைப் பார்த்தோம். ஒன்றிரண்டாக வந்து, பிறகு மரம் முழுக்கப் பூத்தது மாதிரி உட்கார்ந்தன. படகுக்காரர் சத்தம் போடக் கூடாது என்றார். எங்களுக்கு அது கஷ்டமாக இல்லை. தெற்கே ஒரு தார் ஏரி இருக்கிறது. ஏரி என்றால் தண்ணீர் இல்லை, தரையே தார். அதன்மேல் நடக்கலாம், காலடியில் சூடாக மெத்தென்று இருக்கும். ஓர் இடத்தில் பத்மா ஆன்ட்டியின் செருப்பு ஒட்டிக்கொண்டு கழன்றுவிட்டது. மேகலா ஆன்ட்டி குனிந்து அதைப் பிடுங்கினார். பிடுங்கி என்னிடம் கொடுத்தார். நான் பத்மா ஆன்ட்டியிடம் கொடுத்தேன். செருப்புக்குமா அம்மா நான் நடுவில்?

இனி அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தார் ஏரியிலிருந்து திரும்பும் வழி. இரண்டு பக்கமும் புதர் மண்டிய பழைய கரும்புத் தோட்டம். சர்க்கரை ஆலையை மூடிப் பல வருடமாகிறது என்றார் எங்கள் கார் ஓட்டுநர் கீத். மேகலா ஆன்ட்டி ஜன்னலிலிருந்து முகத்தை எடுக்கவே இல்லை. அவரும் நீயும் பிறந்த ரப்பர் தோட்டத்தில் இப்போது மாடி வீடுகள் வரிசையாக நிற்கின்றன. நம் லயத்து வீடுகள் இருந்த இடத்தில் யாரோ கார் கழுவுகிறார்கள். வண்டியின் டயர் ஒன்று காற்று இறங்கிக்கொண்டே வந்தது. கீத் எங்களை ஒரு கடையின் நிழலில் இறக்கிவிட்டு, ஒட்டிக்கொண்டு வருகிறேன் என்று போனார்.

எதிர்ப்பக்கம் பார்த்தோம். ஒரு முற்றத்தின் மூலையில் மூங்கில் கம்புகள் நட்டு, சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகக் கொடிகள். துணிப்பந்தல். வாசலில் செருப்புக் குவியல். ஒலிபெருக்கியில் பக்திப்பாட்டு. பெரிய சட்டியில் தாளிக்கும் வாசனை ரோட்டைத் தாண்டி வந்தது. நம் ஊரில் இதைப் பார்த்தால் நீ என்ன நினைப்பாய்? அதையே நாங்களும் நினைத்தோம்.

"கோயில்ல விசேசம்லா, அன்னதானம் போடுறாங்க" என்றார் மேகலா ஆன்ட்டி, என்னைப் பார்த்து. சாமி வீட்டுச் சோற்றை வேண்டாம் என்று போகக் கூடாது என்று பத்மா ஆன்ட்டி, அவரும் என்னைப் பார்த்தே சொன்னார். இத்தனை நாளில் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். பிறகு என் தோளைத் தொட்டு, "நீ உள்ளுக்க வராதை பிள்ளை. அம்மாவுக்கு இன்னும் வருசம் திரும்பேல்ல" என்றார். நான் வாசலிலேயே நின்றேன். இருவரும் முற்றத்துக் குழாயில் கால் கழுவிக்கொண்டு, யாரையும் கேட்காமல், நம் கோயிலில் போகிற மாதிரியே போய், நீளப் பலகையில் இடம் பிடித்து உட்கார்ந்தார்கள். அவர்கள் முன்னால் இலை விழுந்தது. வாழை இலை மாதிரிதான், அடிப்பக்கம் வெள்ளைப் பொடி பூத்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் என்னிடம் வந்தார். உன் வயது இருக்கும், மஞ்சள் உடையில் மாவு. சாவித்ரி என்று பெயர் என்று பிறகு தெரிந்தது. ஏன் வெயிலில் நிற்கிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர்கள் ஆங்கிலம் ஒரு பாட்டு மாதிரி ஏறி இறங்கும். இரண்டாவது முறைதான் புரிந்தது. நான் உள்ளதைச் சொன்னேன். என் அம்மா இறந்து ஒரு வருடம் ஆகவில்லை, அதனால் கோயிலுக்குள் வர முடியாது என்று.

அவர் திரும்பிப் பந்தலைப் பார்த்தார். கொடிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இது கோயில் இல்லை, மகளே. இது என் வீடு" என்றார்.

அவர் கணவருக்குப் பிறந்தநாளாம். காலையில் பூசை முடித்துக் கொடி நட்டிருக்கிறார்கள். அங்கே வீட்டு முற்றத்தில்தான் கொடி நடுவார்களாம். எனக்குக் காது சுட்டது. ஓடிப்போய் ஆன்ட்டிகளிடம் சொன்னேன். கோயில் இல்லை என்றானபின் உள்ளே நுழைவதற்குத் தடையில்லை என்று அப்போது யோசிக்கக்கூட இல்லை. பத்மா ஆன்ட்டியின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். தன் வாழ்நாளில் அழைக்காத வீட்டில் தண்ணீர் குடிக்காதவர். எழுந்திருக்கப் போனார். சாவித்ரி அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார். "கால் கழுவியாயிற்று, இலை போட்டாயிற்று, இனி எங்கே போவது?" என்றார். என்னையும் பத்மா ஆன்ட்டி பக்கத்தில் அமர்த்தினார்.

மேகலா ஆன்ட்டி அதற்குள் எழுந்துவிட்டார். எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை. சாவித்ரி அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பூசணிக்காய் கறி வாளியையும் கரண்டியையும் அவர் கையில் திணித்தார். "சாப்பிட வெட்கமாக இருந்தால் பரிமாறு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

மேகலா ஆன்ட்டி வாளியோடு நின்றார், அம்மா. யாருக்கும் ஒரு முறுக்குகூட எடுத்துக் கொடுக்காத கை. யார் வீடு, யார் பந்தி என்று தெரியாது. ஒரு தாத்தா இலையைத் தட்டிக் கூப்பிட்டார். அவருக்குப் போட்டார். அடுத்த இலை. அதற்கடுத்தது. நாலைந்து இலை போனதும் முதுகு வளைந்துவிட்டது, கரண்டி தானாகச் சுழன்றது. ஒரு சின்னப் பிள்ளைக்குக் குறைவாக, அதன் அப்பாவுக்கு அள்ளி. பெரியநாயகி அம்மன் மாதிரி வந்துகொண்டிருந்தார் என்று எழுதலாம், ஆனால் கூட்ட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். வியர்த்து வழிய, மூக்குத்தி ஒரு பக்கம் திரும்பி, வந்தார்.

எங்கள் பலகை வந்தது. பத்மா ஆன்ட்டி வலக்கையை இலையின் மேல் குறுக்கே வைத்தார். போதும், வேண்டாம் என்று நாம் வைப்போமே, அப்படி. இலையில் சோறும் பருப்பும்தான் இருந்தது, கறி எதுவுமே இல்லை. மேகலா ஆன்ட்டி நின்றுவிட்டார். கரண்டியிலிருந்து ஒரு சொட்டு பலகையில் விழுந்தது. நான் என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் அவர் அடுத்த இலைக்குப் போயிருந்தால், ஊர் போய்ச் சேர்ந்ததும் இருவரும் ஆளுக்கொரு பக்கமாகப் போயிருப்பார்கள். நான் நினைப்பது சரிதானே?

அவர் போகவில்லை. அப்படியே குனிந்தபடி நின்றார்.

பத்மா ஆன்ட்டி கையை எடுத்தார்.

"கொஞ்சம் கூடப் போடு, மேகலா" என்றார்.

அவ்வளவுதான். கறி விழுந்தது. எனக்கும் விழுந்தது. இனிப்பும் காரமுமாகப் பூசணி, பிய்த்துப் போட்ட ரொட்டியோடு அதைச் சாப்பிட்டோம். பிறகு மாங்காய் கறி வந்தது. கொட்டையைச் சப்பிக்கொண்டே சாவித்ரியின் கணவருக்கு வாழ்த்துச் சொன்னோம். இந்த மூன்று பேர் எந்தப் பக்கத்துச் சொந்தம் என்று அவர் கடைசிவரை மனைவியைக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் அம்மா இந்தத் தீவில் பசியாற ஆசைப்பட்டார் என்று நான் சொன்னதும், அவர் இன்னும் இரண்டு ரொட்டி போடச் சொன்னார்.

கீத் வந்ததும் காரில் ஏறினோம். நான் முன்னால் உட்கார்ந்தேன். ரொம்ப தூரம் போய்விட்டோம். பிறகு பின்னாலிருந்து பத்மா ஆன்ட்டியின் குரல்.

"எந்தக் கடையில வாங்கினனீ?"

எதைக் கேட்கிறார் என்று மேகலா ஆன்ட்டி கேட்கவில்லை. ஈப்போவில் பழைய சந்தைக்குப் பின்னால் ஒரு சீனக் கிழவர் போடும் கறி மீ கடையைச் சொன்னார்.

"என்னட்டைத்தான் முதல்ல கேட்டவ" என்றார் பத்மா ஆன்ட்டி. "நான் ஏலாது எண்டு சொல்லிப்போட்டன். அவ கடைசியா என்னட்டைக் கேட்டது அதுதான்."

உனக்குத் தெரியும், இல்லையா அம்மா? எங்களுக்குத் தெரியாது. இத்தனை மாதம் பத்மா ஆன்ட்டி அதை எங்கே வைத்திருந்தார்?

மேகலா ஆன்ட்டி சொன்னார்: "அவ ஒழுங்காக்கூட சாப்புடலக்கா. சூப்ப மட்டும் குடிச்சா. மீய என்னைய சாப்பிடச் சொல்லிட்டா."

"நல்லா இருக்கெண்டு சொன்னவவா?"

"உப்பு பத்தலைன்னா." என்றார் மேகலா ஆன்ட்டி. "நாந்தான்லா பாதிக்குப் பாதி சுடுதண்ணி கலந்து எடுத்துட்டுப் போனேன். டாக்டர் உப்பு ஆவாதுன்னாரே. இதெல்லாம் ஒரு மீயான்னு என்னைத் திட்டுனா."

"அப்ப உனக்கும் பேச்சு விழுந்ததோ" என்றார் பத்மா ஆன்ட்டி. சிரித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார், போர்ட் ஆஃப் ஸ்பெயின் வரும்வரைக்கும். கீத்துக்கு ஒன்றும் புரியவில்லை. பாட்டுச் சத்தத்தை மட்டும் குறைத்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். மறுநாள் விமான நிலையத்தில் பெட்டி எடை கூடியதற்கு யார் காரணம் என்று இருவருக்கும் வாக்குவாதம். ஆனால் நேருக்கு நேராக. நான் ஒரு வார்த்தையும் சுமக்கவில்லை. இப்போது பக்கத்தில் இருவரும் உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நீ ஒரு தடவை ஈப்போ ரோட்டில் லாரிக்காரனோடு சண்டை போட்டாயாமே? அவன் கடைசியில் உனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனானாமே? ஒரு சீப்பு இல்லை, ஒரு தார் என்கிறார் மேகலா ஆன்ட்டி. நான் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன்.

அம்மா, உன் வருடத் திதி நெருங்கிவிட்டது. அதற்கு ஒரு வாக்குத் தருகிறேன். அன்று படையலில் கறி மீ இருக்கும். வாங்கப் போவது பத்மா ஆன்ட்டி. உன் இலையில் எடுத்து வைப்பது மேகலா ஆன்ட்டி. பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வது நான். ஒரு துளி சுடுதண்ணீர்கூடக் கலக்க விட மாட்டேன்.

இன்னும் கொஞ்சம் எழுத இருந்தது. விமானத்தில் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.

உன் மகள்,
தேன்மொழி